மூன்றாம் நம்பர்

தோட்டப்பாளையத்தில் நான் பார்ப்பது தையல் மெஷின்.
போர்டிலும் அதுதான் எழுதியிருக்கிறது.
காற்றுத் துப்பாக்கி வைத்திருப்பவர்களும்
எப்படியோ விசாரித்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள்,
ஸ்பிரிங்கும் திருகும்தானே அக்கா என்று.

ஆடிட்டர் விஜயராகவலு கொண்டுவந்ததைக்
கிழிந்த வேட்டியில் சுற்றியிருந்தார்.
பர்மிங்ஹாம் சரக்காம். சேண்பாக்கம் காயலான் கடையில் எடுத்தாராம்.
“எது அசல், எது ஒட்டுவேலைன்னு எழுதிக் குடும்மா.
ஒட்டையெல்லாம் தூக்கிடலாம்.”

விசைக்கு மேலிருந்த திருகைத் தொட்டதுமே தெரிந்துவிட்டது,
நம்ம வீட்டுப் பிள்ளை.
தையல் மெஷினில் ஊசியை இறுக்குவது.
மரை பொருந்தாது; பொருந்தும்வரை முறுக்கியிருக்கிறார்கள்.

மடியில் சாக்கை விரித்துப் பின்மூடியைக் கழற்றினேன்
(அசந்தால் முகத்தில் பாயும்).
ஸ்பிரிங் ஒன்றல்ல, இரண்டு துண்டு.
நடுவே தாமரை போட்ட பித்தளை இருபது பைசா,
தாமரையின் வயிற்றில் ஓட்டை.
வருஷம் அறுபத்தொன்பது. அதற்கு முந்தைய வேலை இல்லை.
செல்லாத காசு.
சுட்ட குண்டையெல்லாம் அதுதான் செலுத்தியிருக்கிறது.

பிஸ்டன் தலையில் தோல் வாஷர்.
ஆவாரம்பட்டையில் பதனிட்டிருந்தால்
வெட்டுவாய் பழுப்பாக இருக்கும்.
இது நீலம் பாய்ந்த சாம்பல், குரோம் தோல்.
ஓரத்தில் வரிசையாக ஐந்து தையல் ஓட்டை.
ஆம்பூரில் கழித்துப் போட்ட ஷூவின் முகப்பு.
கப்பலேறி யார் காலுக்கோ போகவேண்டியது
விளக்கெண்ணெயில் ஊறி
இங்கே மூச்சுப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

கட்டையில் ரோஸ் பெயின்ட். சுரண்டினால் பச்சை.
பச்சைக்கு அடியில் வெள்ளையில் 3.
சங்கிலி மாட்டிய வளையத்தின் தழும்பு.
பலூன் கடைத் துப்பாக்கி.
குடியாத்தம் சிரசுக்கும் திருவண்ணாமலை தீபத்துக்கும்
கோட்டை மைதானத்துப் பொருட்காட்சிக்கும்
லாரியில் உருண்ட மூன்றாம் நம்பர்.

அப்புறம்தான் முன்குறியைக் கவனித்தேன்.
வலப்பக்கம் ஒரு எள்ளளவு தள்ளியிருந்தது.
உளி வைத்து ஒரே அடி, தயங்காத கை.
எவன் குறி பார்த்தாலும் குண்டு இடப்பக்கம் போகும்.
பலூனும் உடையாது, கடையும் உடையாது.
தொழில். குற்றம் சொல்லமாட்டேன்.

ஆனால் பின்குறியின் பள்ளத்தையும்
யாரோ வலப்பக்கமாக ராவியிருக்கிறார்கள்.
ஒரே நாளில் அல்ல.
துருப்பிடித்த கீறல், அதன்மேல் மங்கிய கீறல்,
அதற்கும்மேல் கொஞ்சம் பளபளப்பு.
கொஞ்சம் ராவி, சுட்டுப் பார்த்து, மறுபடி கொஞ்சம்.
முதலாளிக்குத் தெரியாமல்.
கொல்லைச் சுவரில் சோப்பு அட்டையைச் செருகி
பத்து கெஜத்தில் ஐந்து குண்டு போட்டேன்.
ஒரே ஓட்டையில் மூன்று. ஒட்டியே இரண்டு.
மூன்றாம் நம்பர்தான் வேணும் என்று
காத்து நின்ற பையன்கள் இருந்திருப்பார்கள்.

கைப்பிடி விரிசலுக்குப் பித்தளைப் பட்டை.
கழற்றித் திருப்பினால் புள்ளிபுள்ளியாக “ட்டியம்மா”.
குடத்திலோ சொம்பிலோ வெட்டியது.
எட்டியம்மாவா, தொட்டியம்மாவா.
ராவியது அவள்தான் என்பதற்கு ஆதாரம் இல்லை.
லிஸ்ட்டில் பித்தளைப் பட்டை என்று மட்டும் எழுதினேன்.

“முன்குறிய மட்டும் அசல் போட்டுடும்மா.”
“போட்டா நேரா சுடாது சார்.”
“அசல் போட்டா எப்படிச் சுடாம போகும்?”
பில் புத்தகத்தின் பின்னால் கோடு போட்டுக் காட்டினேன்.
“ரெண்டு தப்பு, ஒண்ண ஒண்ணு அடிச்சிக்கினு டேலி ஆயிருக்குது.”
“கணக்குல அதுதான் இன்னும் மோசம்” என்றார்,
சிரிக்கவே இல்லை.
யோசித்துச் சொல்வதாக ஸ்கூட்டரை உதைத்தார்.

பத்து நாளாகிறது. துப்பாக்கி அலமாரி மேல் இருக்கிறது.
கழற்றிப் பார்த்த கூலி நூற்றைம்பது பாக்கி.
பட்டையை மறுபடி பொருத்திவிட்டேன்,
இருந்தபடியே,
பெயர் உள்பக்கமாக.